அப்பாவின் மருத்துவர் தேசிய சராசரியைப் போல ஆறு மடங்கு எழுதுகிறார்: பயப்பட வேண்டுமா?

நெடுவழி

அப்பாவுக்கு வயது 78. சென்ற ஆண்டு இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதிலிருந்து இரவில் தூங்குவதற்கென்று குவெட்டியபின் 25 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். எங்கள் குடும்ப மருத்துவர்தான் மாதாமாதம் எழுதித் தருகிறார். நேற்று மாத்திரைப் புட்டியோடு வந்த தாளை முதல்முறையாக முழுவதும் படித்தேன். மனச்சிதைவுக்கும் இருமுனை மனநோய்க்கும் உரிய மருந்து என்றிருந்தது. மறதிநோய் உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடும் என்று கட்டம் கட்டி எச்சரிக்கையும் இருந்தது. அப்பாவுக்கு மறதிநோய் இல்லை. ஆனாலும் இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பார்ட் டி மருந்துக் காப்பீட்டில் எந்த மருத்துவர் எந்த மருந்தை எத்தனை முறை எழுதினார் என்பதை அரசே வெளியிடுகிறது அல்லவா? அதில் எங்கள் மருத்துவரின் பெயரைப் போட்டுத் தேடினேன். குவெட்டியபினுக்கு ஓராண்டில் 412 காப்பீட்டுக் கோரிக்கைகள், 38 நோயாளிகள். அந்த மருந்தை எழுதும் மற்ற குடும்ப மருத்துவர்களின் தேசிய சராசரியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆறு மடங்கு!

பத்தாண்டுகளாகத் தெரிந்த மனிதர். அம்மாவின் கடைசி நாட்களில் வீடு தேடி வந்து பார்த்தவர். அவரை மாற்றிவிடலாமா? புகார் கொடுக்க வேண்டுமா? அல்லது இந்த எண்ணை நான் தவறாகப் படிக்கிறேனா?

முள்முருங்கை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆறு மடங்கு என்றால் ஆறு மடங்குதான். மருந்துக் கம்பெனி பின்னால் நின்று படியளக்கிறது. கம்பெனிகள் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் பணமும் 2014 முதல் தனித் தளத்தில் வெளியாகிறது. அங்கே போய் அவர் பெயரைத் தேடுங்கள், விடை கிடைத்துவிடும். வீடு தேடி வந்தார், நல்லவர் என்பதெல்லாம் வேறு கணக்கு. நல்ல பெயர் உள்ளவர்தான் நிறைய விற்க முடியும்.

பழைய மருந்தாளர்

முள்முருங்கை அவர்களே, கோபம் புரிகிறது. ஆனால் இந்த மருந்துக்கு அந்தக் கதை பொருந்தாது. குவெட்டியபினின் காப்புரிமை அமெரிக்காவில் 2012-இலேயே முடிந்துவிட்டது. அதன்பின் பல கம்பெனிகள் பொதுப்பெயரில் தயாரித்துச் சில்லறை விலைக்கு விற்கின்றன. 25 மில்லிகிராம் பொதுப்பெயர் மாத்திரையை எழுத வைக்க யாரும் மருத்துவருக்கு விருந்து வைப்பதில்லை.

விருந்துக்குச் சக்தி இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2016-இல் 2,79,669 மருத்துவர்களின் பார்ட் டி தரவையும் கம்பெனிகள் தந்ததன் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாக 20 டாலரைக்கூட எட்டாத சாப்பாடுகள்தான். ஒரே ஒரு முறை சாப்பிட்டவர்களிடமும் அந்தக் கம்பெனியின் மருந்து மற்றவர்களைவிடக் கூடுதலாக எழுதப்பட்டிருந்தது. சாப்பிட்டதால் எழுதினார்களா, எழுதுகிறவர்களைப் பார்த்துச் சாப்பாடு போட்டார்களா என்பது அந்தத் தரவிலிருந்து தெரியாது. ஆனால் அங்கே ஆராயப்பட்டவை காப்புரிமை இருந்த வணிகப்பெயர் மருந்துகள். நம் கேள்வி வேறு.

மருந்துக்கடை முகப்பில் முப்பத்தொரு ஆண்டுகள் நின்றவன் நான். குறைந்த அளவு குவெட்டியபினைத் தூக்கத்துக்கு எழுதும் பழக்கம் காசால் வந்ததில்லை. வழக்கமான தூக்க மாத்திரைகளுக்குப் பயந்து வந்தது. அவை பழக்கமாகிவிடும், கட்டுப்பாட்டுப் பட்டியலில் வேறு இருக்கின்றன. குவெட்டியபின் அந்தப் பட்டியலில் இல்லை, எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு பயத்திலிருந்து ஓடி இன்னொரு குழியில் விழுவது. தூக்கமின்மைக்கு முதல் மருந்தாக இதைத் தராதீர்கள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே 2013-இல் சொல்லிவிட்டது.

கணக்கன்

புள்ளியியல் எனக்குச் சோறு போடும் தொழில். மருத்துவத்தில் கருத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த "ஆறு மடங்கு" எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் 412 என்ற எண். அது கோரிக்கைகளின் எண்ணிக்கை. நோயாளிகள் 38. வகுத்தால் ஒருவருக்கு ஆண்டில் பதினொன்றுக்குச் சற்றுக் குறைவு. அதாவது இவர் மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறார். தொண்ணூறு நாளுக்குச் சேர்த்து எழுதும் மருத்துவர் அதே 38 பேருக்கு அதே மாத்திரைகளைக் கொடுத்தாலும், அவர் கணக்கில் 150 அளவில்தான் விழும். ஒருவர் குடம் குடமாக எண்ணுகிறார், இன்னொருவர் வண்டி வண்டியாக. அதே கோப்பில் முப்பது நாள் அளவாகச் சமப்படுத்திய பத்தி ஒன்றும், மொத்தம் எத்தனை நாளுக்கு மருந்து என்ற பத்தி ஒன்றும் இருக்கின்றன. ஒப்பிடுவதானால் அவற்றை எடுங்கள். ஆறு மடங்கில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும்.

இரண்டாவது, எதனால் வகுத்தீர்கள்? ஒரு மருத்துவருக்கு 2,000 மெடிகேர் நோயாளிகள், இன்னொருவருக்கு 200 என்றால் மொத்த எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. அவரிடம் வரும் நூறு பேரில் எத்தனை பேருக்கு இந்த மருந்து என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, சராசரி என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும். மருந்து எழுதும் எண்ணிக்கைகள் மணி வடிவில் பரவுவதில்லை. பெரும்பாலோர் கீழே கூட்டமாக இருப்பார்கள், மிகச் சிலர் வானளவு உயரத்தில் இருப்பார்கள். அந்தச் சிலர் சராசரியை மேலே இழுப்பதால் மருத்துவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்குக் கீழே விழுவார்கள். இத்தகைய தரவில் நடுவில் நிற்பவரின் அளவையும், உங்கள் மருத்துவர் நூறில் எத்தனையாவது இடம் என்பதையும் பார்ப்பதே சரி. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கோளாறு உண்டு. பத்து அல்லது அதற்குக் குறைவான கோரிக்கைகள் உள்ள வரிகளை நோயாளிகளின் தனியுரிமைக்காக அந்தக் கோப்பில் போடுவதே இல்லை. ஆகவே இந்த மருந்தை எப்போதாவது எழுதுகிறவர்கள் உங்கள் சராசரியில் சேரவே இல்லை. முழுப் படத்தோடு ஒப்பிட்டால் உங்கள் மருத்துவர் இன்னும் உயரத்தில் இருக்கவும் கூடும். அவருக்காக மட்டும் வாதாட வரவில்லை என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

நான்காவது, சிறு எண்கள். ஒரு மருந்தைத் தேசிய அளவில் நூறில் பத்துப் பேருக்கு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 நோயாளிகள் உள்ளவரிடம் நான்கு பேர் எதிர்பார்க்கலாம். ஏழு பேர் இருந்தால் 17.5 விழுக்காடு, "சராசரியைவிட 75 விழுக்காடு அதிகம்!" என்று தலைப்புப் போடலாம். ஆனால் வெறும் தற்செயலாகவே பத்து மருத்துவர்களில் ஒருவருக்கு அப்படி ஏழோ அதற்கு மேலோ விழும். அதே 17.5 விழுக்காடு 400 நோயாளிகளில் 70 பேர் என்று வந்தால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

ஐந்தாவதுதான் முக்கியம்: நோயாளிகள் யார்? மருத்துவர் பற்றிய சுருக்கக் கோப்பில் அவருடைய நோயாளிகளின் சராசரி வயதும் நோய்ச்சுமைக் குறியீடும் இருக்கும். அந்தக் குறியீட்டில் 1 என்பது மெடிகேர் பயனாளிகளின் பொதுவான நிலை. இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

நெடுவழி

பார்த்தேன். நோயாளிகளின் சராசரி வயது 83. நோய்ச்சுமைக் குறியீடு 2-க்கு மேல். முப்பது நாள் அளவாகச் சமப்படுத்தி, நோயாளி எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் ஆறு மடங்கு மூன்றரையாக இறங்கியது. மூன்றரையும் சிறியதல்லவே?

ஒன்று நினைவுக்கு வருகிறது. செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் அவர் மருத்துவமனையில் இருக்க மாட்டார். ஏதோ முதியோர் இல்லத்துக்குப் போவார் என்று வரவேற்பில் சொல்வார்கள்.

கணக்கன்

அதுதான். 83 என்ற சராசரி வயது சாதாரணக் குடும்ப மருத்துவரின் காத்திருப்பு அறையிலிருந்து வராது. நீங்கள் அவரை ஒப்பிட்ட மற்ற குடும்ப மருத்துவர்களில் பெரும்பாலோர் முதியோர் பராமரிப்பு இல்லத்துப் படியேறாதவர்கள். அரசுக் கோப்பில் அவருடைய துறை "குடும்ப மருத்துவம்" என்று இருக்கும், பணி வேறாக இருக்கும்.

சாரல்

இங்கேதான் எல்லாரும் பெருமூச்சு விட்டு "ஓ, முதியோர் இல்லமா, அப்படியானால் சரி" என்பார்கள். சரியில்லை. ஒன்பது ஆண்டுகள் அப்படிப்பட்ட இல்லத்தில் செவிலியாக இருந்தவள் சொல்கிறேன்.

மறதிநோய் உள்ள பாட்டி மாலையானால் கத்துவார். ஏன் கத்துகிறார் என்று பார்க்க ஆள் வேண்டும். சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, காது கேட்கும் கருவியில் மின்கலம் தீர்ந்துவிட்டதா, பயமா? இருபத்தைந்து பேருக்கு இரண்டு பேர் வேலை செய்யும் இரவில் அதைப் பார்க்க நேரம் கிடையாது. "மருத்துவரிடம் ஏதாவது கேள்" என்பார்கள். அவர் எழுதுவார். பாட்டி அமைதியாகிவிடுவார். அந்த அமைதிக்கு என்ன விலை என்பது நெடுவழி அவர்கள் படித்த எச்சரிக்கைக் கட்டத்தில் இருக்கிறது. புதிய வகை மனநோய் மருந்துகளுக்கு அந்த எச்சரிக்கை 2005-இல் வந்தது. 2008-இல் பழைய வகைகளுக்கும் விரித்தார்கள்.

2011-இன் இறுதியில் அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் நீண்ட காலம் தங்கியிருந்தவர்களில் 23.9 விழுக்காட்டினர் இந்த வகை மருந்தில் இருந்தார்கள். நால்வரில் ஒருவர்! அந்த ஆண்டு ஒரு மருத்துவர் சரியாகச் சராசரியில் நின்றிருந்தால் அவரை நல்லவர் என்று சொல்லியிருப்பீர்களா? 2012-இல் அரசு இதைக் குறைக்க இயக்கமே தொடங்கியது. சில ஆண்டுகளில் 15 விழுக்காடு அளவுக்கு வந்தது. ஆனால் மனச்சிதைவு உள்ளவர்கள் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள் என்று விதி. அப்புறம் என்ன நடந்திருக்கும்? எண்பது வயதில் திடீரென்று பலருக்கு "மனச்சிதைவு" வந்தது. இளமையில் தொடங்கும் நோய் அது! அமெரிக்கச் சுகாதாரத் துறையின் கண்காணிப்பாளர் அலுவலகம் 2021-இல் இதைச் சுட்டிக்காட்டியது. 2023 ஜனவரியில் அந்த நோய்க்குறிப்புகளையே தணிக்கை செய்யப் போவதாக மெடிகேர் நிர்வாகம் அறிவித்தது.

நான் வேலை பார்த்த இல்லத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் பலகையில் எண் குறைந்தபோது கேக் வெட்டினோம். மாத்திரை குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

முள்முருங்கை

சாரல் அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் கொஞ்சம் வாயடைத்துப் போனேன். கம்பெனி விஷயத்தில் நான் அவசரப்பட்டது உண்மை. ஆனால் ஒரு கேள்வி. அதிகமாக இருந்தால் நோயாளிகள் அப்படி என்கிறீர்கள். சராசரியில் இருந்தால் சராசரியே தவறு என்கிறீர்கள். குறைவாக இருந்தால் நோய்க்குறிப்பை மாற்றியிருக்கலாம் என்கிறீர்கள். அப்படியானால் இந்தத் தரவை எதற்கு வெளியிடுகிறார்கள்? எங்களைப் போன்றவர்களைச் சுற்றவிடவா?

சீட்டுமலை

நியாயமான கேள்வி. குடும்ப மருத்துவராக இருபது ஆண்டுகளாக இந்த எண்களின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2015-இல் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது மெடிகேர். "உங்கள் மாநிலத்தில் உங்களைப் போன்ற மருத்துவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் குவெட்டியபின் மிக அதிகமாக எழுதுகிறீர்கள், ஆய்வுக்கு உள்ளாகலாம்" என்ற பொருளில் இருந்தது. ஆம், இதே மருந்து. அது ஒரு சோதனை என்பதும், நாட்டிலேயே இதை அதிகம் எழுதிய 5,055 முதனிலை மருத்துவர்களை எடுத்து, ஒரு பாதியினருக்கு இந்தக் கடிதமும் மறுபாதிக்குத் தொடர்பற்ற ஒரு கடிதமும் அனுப்பினார்கள் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. முதல் நாள் வந்தது கோபம். "என் நோயாளிகள் வேறு மாதிரி" என்று மனைவியிடம் கத்தினேன். இரண்டாம் நாள் என் நோயாளிகள் உண்மையிலேயே வேறு மாதிரியா என்று பார்க்கப் பட்டியலை எடுத்தேன். சிலர் அப்படித்தான் இருந்தார்கள். பலர் இல்லை. பல பேருக்கு அந்த மருந்தைத் தொடங்கியது நானே இல்லை. மருத்துவமனையில் யாரோ தொடங்கியது, வீடு திரும்பும்போது பட்டியலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, நான் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். கணக்கில் அது என் பெயரில் விழுந்தது. விழ வேண்டியதும் அங்கேதான். கையெழுத்து என்னுடையது.

அந்தச் சோதனையில் கடிதம் பெற்றவர்கள் ஒன்பது மாதங்களில் மற்றவர்களைவிட 11.1 விழுக்காடு குறைவாக எழுதினார்கள். நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. எண் என்னைக் குற்றவாளியாக்கவில்லை, பட்டியலை எடுக்க வைத்தது. முள்முருங்கை அவர்களின் கேள்விக்கு என்னிடம் உள்ள விடை இதுதான்.

ஆனால் எண்ணைத் துரத்தியதால் நேர்ந்த கெடுதலையும் பார்த்திருக்கிறேன். அபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு வலிநிவாரணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு 81.3 சீட்டுகள். 2020-இல் 43.3. ஒரு மருத்துவர் தன் பழக்கத்தைத் துளியும் மாற்றாமல் இருந்திருந்தாலே எட்டு ஆண்டுகளில் "சராசரி"யிலிருந்து ஏறக்குறைய "இரு மடங்கு" ஆகியிருப்பார். 2016-இல் இவற்றைக் கவனமாக எழுதச் சொல்லி அரசு வழிகாட்டுதல் வந்தது. தங்கள் எண் உயரமாகத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் பலர் ஆண்டுக்கணக்கில் அந்த மருந்தில் இருந்த வலி நோயாளிகளுக்கு ஒரேயடியாக நிறுத்தினார்கள். 2019-இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே தலையிட்டு, அப்படித் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, தற்கொலை வரை போகிறது என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2022-இல் வழிகாட்டுதலைத் திருத்தினார்கள். என்னிடம் அப்படிக் கைவிடப்பட்டு வந்தவர்கள் உண்டு. அவர்களை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து என் எண்ணிக்கை ஏறியது. அவர்களை விரட்டிய மருத்துவரின் எண்ணிக்கை அழகாக இறங்கியிருக்கும்.

தாழ்வாரம்

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே தனி மருத்துவரின் பெயரில் இப்படி வெளியிடுவதில்லை. மருத்துவக் குழுவின் அளவில், அதாவது ஒரு மருத்துவ நிலையம் முழுமைக்கும்தான் மாதாமாதம் வெளியாகிறது. ஓபன்பிரிஸ்கிரைபிங் என்ற தளத்தில் யாரும் பார்க்கலாம். எனக்கு அதில் பிடித்தது, தேசிய சராசரி என்று ஒரே கோடு போடாமல் எல்லா நிலையங்களும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பத்துப் பத்து விழுக்காடாகக் கோடுகள் போட்டு, அதன்மேல் உங்கள் நிலையத்தின் பாதையைச் சிவப்பில் காட்டுவார்கள். கணக்கன் சொன்ன "நூறில் எத்தனையாவது இடம்" கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கடிதமும் இங்கே உண்டு. ஆன்டிபயாடிக் அதிகம் எழுதிய நிலையங்களுக்கு 2014-இல் தலைமை மருத்துவ அதிகாரி பெயரில் "உங்கள் பகுதியில் 80 விழுக்காடு நிலையங்கள் உங்களைவிடக் குறைவாக எழுதுகின்றன" என்று போனது. ஆறு மாதங்களில் 3.3 விழுக்காடு குறைந்தது. சிறியதாகத் தோன்றும். சீட்டுக் கணக்கில் 73,406 குறைவு, செலவு ஒரு கடிதத்தின் தபால்தலை.

கணக்கன்

ஆன்டிபயாடிக் என்றதும் சாரல் சொன்னதற்கு ஒரு துணைச்சான்று. அமெரிக்காவில் 2010–11 தரவை வைத்து 2016-இல் செய்த மதிப்பீட்டின்படி ஆயிரம் பேருக்கு 506 ஆன்டிபயாடிக் சீட்டுகள் எழுதப்பட்டன. அவற்றில் 353-தான் பொருத்தமானவை. ஏறக்குறைய மூன்றில் ஒன்று வீண். அதாவது தேசிய சராசரியைக் கச்சிதமாகப் பின்பற்றும் மருத்துவர் மூன்றில் ஒன்றை வீணாக எழுதுகிறார் என்று பொருள். எல்லாரும் சேர்ந்து என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் சராசரி சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அது எப்போதும் பொறுப்பேற்றதில்லை.

இது இன்று நேற்றுக் கதையும் அல்ல. வெர்மான்ட் மாநிலத்தில் வென்பெர்க்கும் கிட்டெல்சோனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில் பத்தாயிரம் பேருக்கு நடந்த தொண்டைச்சதை அறுவைகள் ஓரிடத்தில் 13, இன்னோரிடத்தில் 151. குழந்தைகளின் தொண்டை ஊருக்கு ஊர் அவ்வளவா மாறும்?

சீட்டுமலை

அதே மாதிரி ஒன்று ஒரே கூரையின் கீழும் உண்டு. அவசரப் பிரிவுக்கு வருகிற நோயாளி மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில்லை, யார் பணியில் இருக்கிறாரோ அவர்தான். ஒரே மருத்துவமனையில் குறைவாக எழுதும் மருத்துவர்கள் 7.3 விழுக்காட்டினருக்கும் அதிகம் எழுதுகிறவர்கள் 24.1 விழுக்காட்டினருக்கும் ஓபியாய்டு கொடுத்தார்கள் என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆகவே "என் நோயாளிகள் வேறு" என்ற எங்கள் பல்லவி எல்லா இடத்திலும் எடுபடாது. இதை மருத்துவனாகவே ஒப்புக்கொள்கிறேன்.

முள்முருங்கை

அப்படியானால் தனி மருத்துவர் பெயரோடு வெளியிடுவதுதான் சரி. நிலைய அளவில் மூடி மறைப்பது ஏன்?

தாழ்வாரம்

மறைப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஒருவர் எழுதியதை மறுநாள் இன்னொருவர் புதுப்பிப்பார், தனிப் பெயரில் போட்டால் எண் பொய் சொல்லும். மேலும் பெயரோடு வெளியிட்டதில் ஒரு வேடிக்கை நடந்தது தெரியுமா? புரோபப்ளிக்கா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2013-இல் தொடங்கிய மருத்துவர் ஒப்பீட்டுத் தளத்தில், வலிநிவாரணியை அள்ளிக் கொடுப்பவர் யார் என்று அறியவே சிலர் தேடி வந்தார்கள். தளத்தார் அந்தப் பக்கங்களில் எச்சரிக்கை போட வேண்டியிருந்தது.

பழைய மருந்தாளர்

எல்லாரும் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் அந்த அம்மாவின் அப்பா இன்று இரவும் அந்த மாத்திரையைச் சாப்பிடுவார்.

அம்மா நெடுவழி, மருத்துவரைப் பற்றிய எண்ணை ஓரமாக வையுங்கள். அவர் நாட்டிலேயே குறைவாக எழுதுகிறவர் என்றாலும் உங்கள் அப்பாவுக்கு இந்த மாத்திரை தேவையா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும். இடுப்பெலும்பு முறிந்தவர் என்கிறீர்கள். இந்த மாத்திரை படுத்தவர் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் தலைசுற்றும். இன்னொரு முறை விழக் கூடாத மனிதர் அவர். எனக்கு முதல் கவலை அதுதான், ஆறு மடங்கு அல்ல.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எல்லா மருந்துகளையும், கடையில் சீட்டில்லாமல் வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சளி மாத்திரை, "இரவு மாத்திரை" என்று விற்பதில் டைபென்ஹைட்ரமின் என்ற தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து இருந்தால் அதையும் காட்டுங்கள். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவை என்று மருத்துவர் பியர்ஸ் 1991-இல் தொடங்கி வைத்து, முதியோர் மருத்துவச் சங்கம் 2023 வரை புதுப்பித்த பட்டியலில் அது இருக்கிறது. பிறகு மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இதைத் தொடங்கியது யார், எதற்கு? அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா? எப்போது நிறுத்துவதாக எண்ணம்? சண்டைக்குப் போகிற குரலில் கேட்காதீர்கள். மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தின் நகலும் கையில் இருக்கட்டும்.

சாரல்

ஆமாம். முக்கியமாக அந்த விடுவிப்புச் சுருக்கம்.

நெடுவழி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், நடுவில் இங்கே வர முடியவில்லை.

சுருக்கத்தைத் தேடி எடுத்தேன். நான்காம் பக்கத்தில் இருந்தது. அறுவை சிகிச்சைக்கு இரண்டாம் நாள் இரவு அப்பா குழம்பிப்போய்க் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கியிருக்கிறார், அன்றுதான் குவெட்டியபின் தொடங்கியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் "குழப்பம் தெளிந்துவிட்டது" என்று குறிப்பு. மருந்தை மட்டும் யாரும் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. அன்று இரவு நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடமும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மருத்துவரிடம் நகலை நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பதினோரு மாதமாக நான் இதைப் பார்க்காமலே புதுப்பித்திருக்கிறேன்" என்றார். இவ்வளவு நேராகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அப்பாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், நிற்கும்போது நன்றாகவே இறங்கியது. முதல் இரண்டு வாரம் பாதி மாத்திரை, பிறகு நிறுத்தம் என்று எழுதினார். பிற்பகல் தூக்கத்தைக் குறைக்கவும், மாலையில் குடிக்கும் தண்ணீரை முன்னதாகவே குடித்துவிடவும் சொன்னார்.

அந்த மூன்றரை மடங்கைப் பற்றியும் கேட்டேன். கேட்காமல் வந்தால் எனக்கு உறுத்தும். இரண்டு பராமரிப்பு இல்லங்களில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களைப் பார்க்கிறாராம். "பாதிப் பேருக்கு நான் தொடங்கியதில்லை" என்றார். சீட்டுமலை அவர்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. "தொடங்காதவர்களுக்கு நிறுத்திப் பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எல்லாருக்கும் இல்லை" என்றார்.

புகார் கொடுக்கவில்லை. மருத்துவரையும் மாற்றவில்லை. அப்பா மாத்திரையில்லாமல் தூங்கி நான்கு நாள் ஆகிறது. இரண்டு இரவு நன்றாகத் தூங்கினார், இரண்டு இரவு விடியும்வரை வானொலி கேட்டார்.

பழைய மருந்தாளர்

வானொலி கேட்கட்டும். நிற்கும்போது அழுத்தம் இன்னும் இறங்குகிறதா என்று அடுத்த வாரம் ஒருமுறை பாருங்கள்.

முள்முருங்கை

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டீர்களே, அதற்கு ஒரு வணக்கம். நான் என் அம்மாவின் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினான்கு புட்டிகள். இரண்டில் யார் எழுதியது என்ற பெயரே தேய்ந்துபோயிருக்கிறது. அதை யாரிடம் கேட்பது?

பழைய மருந்தாளர்

புட்டியில் சீட்டு எண் இருக்கும், அது தேயாமல் இருந்தால் போதும். வாங்கிய கடையில் சொன்னால் எழுதியவர் பெயரை எடுத்துத் தருவார்கள். பதினான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டை மட்டும் அல்ல.